விலைச்சீட்டும் மருந்துச்சீட்டும்: அமெரிக்கத் தொழிலாளர் இழப்பீட்டில் உயர்விலை மருந்துகள்

சைக்ளோபென்சாப்ரின், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் பழைய மாத்திரை. அதன் காப்புரிமை முடிந்து பல காலம் ஆகிறது. அமெரிக்க மருந்துக் கடைகளில் 5 மி.கி., 10 மி.கி. ஆகிய அளவுகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியாவிலும் இல்லினாயிலும் வேலையில் இடுப்புப் பிடித்துக்கொண்டு வந்த தொழிலாளர்கள் பலருக்கு மருத்துவர்கள் தங்கள் கிளினிக்கிலேயே வைத்துக் கொடுத்தது 7.5 மி.கி. மாத்திரை. மூலப்பொருள் அதேதான், விலை மட்டும் பல மடங்கு. மாசசூசெட்ஸில் இயங்கும் தொழிலாளர் இழப்பீட்டு ஆய்வு நிறுவனம் பில்களை அலசி இந்த மாற்றத்தை வெளிக்கொண்டுவந்தது. நோயாளிகளின் இடுப்பில் புதிதாக எதுவும் நேர்ந்துவிடவில்லை. வழக்கமான அளவுகளுக்கு அரசு விலை வரம்பு கொண்டுவந்தது. புதிய அளவுக்கோ அதன் தயாரிப்பாளர் குறித்த தனி விலை இருந்தது. அந்த இடைவெளியில் புகுந்தது 7.5.

அமெரிக்கத் தொழிலாளர் இழப்பீட்டுத் துறை மருந்துச் செலவோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகிறது. அந்த அனுபவத்தை மொத்தமாகப் பார்த்தால் மூன்று முடிவுகள் தெளிவாகத் தெரிகின்றன. விலையை மட்டும் துரத்திய இடங்களில் செலவு உருமாறித் திரும்பி வந்தது. இந்தக் காயத்துக்கு இந்த மருந்து சரிதானா என்ற கேள்வியை மாத்திரை கைக்குப் போகுமுன்பே கேட்ட இடங்களில் செலவும் குறைந்தது, உயிர்களும் தப்பின. அதே கேள்வியை நோயாளியின் முகம் பாராமல், காகிதத்தை மட்டும் பார்த்துக் கேட்ட இடங்களில் புதிய கொடுமைகள் பிறந்தன. இந்த மூன்றையும் சேர்த்து எடைபோடாமல் உயர்விலை மருந்துகளைப் பற்றி எந்த நியாயமான முடிவுக்கும் வர முடியாது.

ஒப்பந்தமும் அதிலுள்ள இடைவெளியும்

வேலையில் காயம்பட்டவருக்கு, தவறு யாருடையது என்று கேட்காமல் சிகிச்சையும் ஊதியத்தில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். பதிலுக்கு அவர் முதலாளி மீது வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். இதுதான் தொழிலாளர் இழப்பீட்டின் அடிப்படை ஒப்பந்தம். 1884-இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி இத்தகைய விபத்துக் காப்பீட்டுக்கு வழி வகுத்தது. அமெரிக்காவில் இது எளிதில் நடக்கவில்லை. 1911 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் இழப்பீட்டுச் சட்டத்தை அந்த மாநில உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. மறுநாளே மன்ஹாட்டனில் டிரையாங்கிள் ஆயத்த ஆடை ஆலை தீப்பற்றி 146 பேர் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அதே ஆண்டில் விஸ்கான்சின் கொண்டுவந்த சட்டம் நிலைத்தது. கடைசி மாநிலமான மிசிசிப்பி 1948-இல்தான் வந்து சேர்ந்தது. இன்று 14 கோடிக்கும் அதிகமான ஊழியர்கள் இந்தப் பாதுகாப்புக்குள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். ஒஹையோ, வாஷிங்டன், வடக்கு டகோட்டா, வயோமிங் ஆகிய நான்கில் மாநில நிதியமே காப்பீட்டை நடத்துகிறது; மற்றவற்றில் தனியார் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடமுண்டு.

நம் ஊர் இ.எஸ்.ஐ.யில் மருத்துவமனையை நடத்துவதும் மருந்து வாங்கிக் கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. அமெரிக்காவில் எழுதுபவர், கொடுப்பவர், விலை வைப்பவர், பணம் கட்டுபவர், விழுங்குபவர் ஐவரும் வேறு வேறு. சாதாரண அமெரிக்க மருத்துவக் காப்பீட்டில் நோயாளி ஒவ்வொரு மருந்துக்கும் தன் பங்காக ஒரு தொகை கட்டுவார். விலை கூடினால் அவர் பையும் கனம் இழக்கும், அதனால் மலிவான மாற்று உண்டா என்று கேட்பார். தொழிலாளர் இழப்பீட்டில் அந்தப் பங்கு கிடையாது. காயம்பட்டவர் ஒரு காசும் கட்டக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி, அது நியாயமும்கூட. அவர் ஏற்கெனவே வழக்குரிமையையும் உடல்நலத்தையும் இழந்து நிற்கிறார். ஆனால் விலையைப் பற்றிக் கேட்க ஆளில்லாத இடத்தில் விலையை ஏற்றிப் பிழைப்பவர்கள் வந்து கூடுவார்கள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதக் கிடைத்த வலி மருந்துகள் இன்றைய அளவுக்கு இல்லை.

உயர்விலை என்பது ஒரே பொருளல்ல

க்ளெய்ம் கோப்பில் வந்து விழும் பெரிய மருந்து பில்களை நான்காகப் பிரிக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு.

முதல் வகை, மலிவான மருந்துக்கு விலை வேஷம் போட்டவை. மொத்தமாக வாங்கிய மாத்திரையைச் சிறு புட்டிகளில் அடைத்துப் புதிய குறியீட்டு எண்ணும் புதிய விலையும் பெறுவது, யாரும் கேட்காத புதிய அளவைச் சந்தைக்குக் கொண்டுவருவது, இரண்டு மலிவு மாத்திரைகளை ஒன்றாக்குவது, மெந்தாலும் லிடோகெயினும் கேப்சைசினும் சேர்ந்த களிம்பைத் தனிப்பெயரில் விற்பது எல்லாம் இதில் அடங்கும். 2011-இல் அனுமதி பெற்ற டூயெக்சிஸ், ஐபுப்ரோஃபெனும் ஃபமோட்டிடினும் கலந்தது. 2010-இல் வந்த விமோவோ, நாப்ராக்சனும் எசோமெப்ரசோலும் சேர்ந்தது. இந்த நான்கு மூலமருந்துகளும் தனித்தனியே மலிவாகக் கிடைப்பவை. சேர்ந்து வந்தபோது மாதச் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டியது. முழங்கால் வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் 1 சத ஜெல்லை 2020-இல் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்க அனுமதி கிடைத்தது. ஆனால் வெயிலால் தோலில் தோன்றும் செதில்புண்ணுக்கென அனுமதிக்கப்பட்ட 3 சத டைக்ளோஃபெனாக் ஜெல், தொழிலாளர் இழப்பீட்டு பில்களில் வலி மருந்தாக வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் வகை, ஆபத்தானவை. இவற்றின் விலையைவிட விளைவு பெரிது. அபின் வகை வலி மருந்துகளான ஓபியாய்டுகள் இதில் முதன்மை.

மூன்றாம் வகை, உண்மையிலேயே விலை உயர்ந்தவை, உண்மையிலேயே குணமாக்குபவை. வேலையில் தவறி ஊசி குத்திக்கொண்ட செவிலியருக்கு வரும் ஹெபடைட்டிஸ் சி-க்கான மருந்து இதற்கு எடுத்துக்காட்டு.

நான்காம் வகை, மாதக் கணக்கில் சுமாராகத் தெரிந்து, ஆயுள் கணக்கில் மலையாகக் குவிபவை.

இந்த நான்கையும் ஒரே விதியால் கட்டுப்படுத்தப் போனதுதான் பல மாநிலங்கள் செய்த தவறு.

விலையைத் துரத்திய கதை

மருந்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான மாநிலங்கள் ‘சராசரி மொத்த விலை’ என்ற பட்டியல் விலையை வைத்து நிர்ணயித்தன. தனியார் தரவு நிறுவனங்கள் வெளியிடும் அந்த விலைக்கு மருந்துக் கடைகள் கொள்முதல் செய்வதில்லை. உண்மையான கொள்முதல் விலை அதைவிட மிகக் குறைவு. தயாரிப்பாளரோ பொதியிடுபவரோ குறிக்கும் எண்ணே பட்டியலில் ஏறுகிறது. பொட்டலத்தை மாற்றினால் எண்ணையும் மாற்றலாம். இந்த ஓட்டையை வைத்தே ஒரு தொழில் வளர்ந்தது.

கலிஃபோர்னியா இதைப் படிப்படியாக அனுபவித்தது. 2004-இல் அந்த மாநிலம் இழப்பீட்டு மருந்து விலைகளை ஏழைகளுக்கான மெடி-கால் திட்டத்தின் விலைகளோடு கட்டிப்போட்டது. மருந்துக் கடை பில்கள் உடனே இறங்கின. ஆனால் மருத்துவர்கள் கிளினிக்கில் கொடுத்த மறுபொதி மருந்துகளின் குறியீட்டு எண்கள் மெடி-கால் பட்டியலில் இல்லை. அவற்றுக்குப் பழைய விலையே செல்லும் என்றாயிற்று. ஒரே மாத்திரை, கடையில் ஒரு விலை, டாக்டர் அறையில் பல மடங்கு. 2007 மார்ச் 1 முதல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. அடுத்து, தனித்தனி மூலப்பொருள்களைக் குழைத்துச் செய்யும் கலவைக் களிம்புகளும் ‘மருத்துவ உணவு’ என்ற பெயரில் சத்துப்பொடிகளும் பில்களில் பெருகின. 2012 முதல் அவற்றுக்கும் சட்டம் வந்தது. பிறகு வந்தவைதான் 7.5 மி.கி. போன்ற புதிய அளவுகள். ஒவ்வொரு சட்டமும் நேற்றைய தந்திரத்தைச் சரியாகவே அடைத்தது. நாளைய தந்திரம் அதற்குள் தயாராகிவிட்டது.

மத்திய அரசு ஊழியர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது இதைவிடப் பெரியது. அஞ்சல் ஊழியர்கள் அதிகமாக இருக்கும் அந்தத் திட்டத்தில் கலவை மருந்துகளுக்கான செலவு 2011-இல் சில மில்லியன் டாலராக இருந்தது. சில ஆண்டுகளிலேயே 20 கோடி டாலரைத் தாண்டியது. அரசு தணிக்கையாளர்கள் எச்சரித்த பிறகு, 2016-இல் கலவை மருந்து எழுதும் மருத்துவர் அதன் மருத்துவத் தேவையை எழுத்தில் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. இத்தனை ஆண்டுகளாகப் பில் வந்தது, பணம் போனது. ஏன் என்று கேட்கும் ஒரு படிவம்கூட நடுவில் இல்லை என்பதை அந்த விதியே ஒப்புக்கொள்கிறது.

மருத்துவரே மருந்து கொடுப்பதை முழுதும் பழிப்பது சரியல்ல. காயம்பட்ட முதல் நாளில் க்ளெய்ம் எண்ணே உருவாகியிருக்காது. மருந்துக் கடையில் போய் நின்றால் யார் பணம் தருவார்கள் என்ற கேள்வி எழும். தொழிலாளி வலியோடு வெறுங்கையாய்த் திரும்புவார். அந்த நேரத்தில் மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தரும் நான்கு நாள் மாத்திரை ஒரு நல்ல காரியம். அதுவே மாதக்கணக்கில் தொடர்ந்து, ஒவ்வொரு புட்டியிலும் மருத்துவருக்கு லாபம் சேரும்போதுதான் எழுதும் கையே விற்கும் கையாகிறது. டெக்சாஸ், நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் இதைப் பெரிதும் கட்டுப்படுத்தியிருக்கின்றன. புளோரிடா 2013-இல் ஒரு நடுவழியைத் தேர்ந்தது: மறுபொதி மருந்துக்கு மூலத் தயாரிப்பாளரின் மொத்த விலையில் 112.5 சதமும் 8 டாலர் கட்டணமும்தான். பென்சில்வேனியா 2014-இல் மருத்துவர் கொடுக்கக்கூடிய நாள்களுக்கே வரம்பு வைத்தது. நாள் வரம்பு எளிய விதி. அதைச் சுற்றிப்போவது கடினம். விலை விதியைச் சுற்றிப்போக ஒரு புதிய அளவு போதும்.

காப்பீட்டு நிறுவனங்கள் விலையைக் குறைக்க நியமித்த இடைநிலை மருந்து மேலாண்மை நிறுவனங்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. கடைக்கு ஒரு விலை கொடுத்து, காப்பீட்டாளரிடம் அதைவிட உயர்ந்த விலையை வசூலித்து, நடுவிலுள்ளதை வைத்துக்கொள்ளும் வழக்கம் அத்துறையில் உண்டு. ஜெனரிக் மருந்துகளுக்கு உடன்பட்ட தள்ளுபடியைத் தரவில்லை என்று ஒஹையோவின் தொழிலாளர் இழப்பீட்டு நிதியத்தின் சார்பில் 2019-இல் ஆப்டம்-ஆர்.எக்ஸ். நிறுவனத்தின் மீது வழக்கு தொடுக்கப்பட்டது, 2022-இல் 1.5 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது. செலவைக் காக்க வைத்த காவலுக்கும் கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும்.

ஓபியாய்டு கற்பித்தது

விலையைவிடப் பொருத்தம் முக்கியம் என்பதை இந்தத் துறை மிகக் கசப்பாகக் கற்றது. 1996-இல் ஆக்சிகான்டின் சந்தைக்கு வந்தது. நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு பாதுகாப்பானது, அடிமைப்படுத்தும் வாய்ப்பு குறைவு என்ற பிரசாரத்தோடு அது பரவியது. தவறான விளம்பரத்துக்காக அதை விற்ற பர்டூ நிறுவனம் 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. புற்றுநோயாளிகளின் திடீர் வலிக்கென்று 1998-இல் அனுமதி பெற்ற ‘ஆக்டிக்’ என்ற ஃபென்டனில் மிட்டாய், வேலையில் முதுகுவலி வந்தவர்களுக்கும் எழுதப்பட்டது. அனுமதியில்லாத பயன்பாட்டுக்கு விற்றதற்காக 2008-இல் செஃபலான் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, வேறு இரண்டு மருந்துகளுக்கும் சேர்த்து 42.5 கோடி டாலர் கட்டியது.

முதலில் எச்சரித்தது வாஷிங்டன் மாநிலம். அங்கே காப்பீட்டை நடத்துவது அரசின் தொழிலாளர் துறையே என்பதால், எல்லாப் பில்களும் இறப்புப் பதிவுகளும் ஒரே இடத்தில் கிடைத்தன. துறையின் மருத்துவ இயக்குநர் கேரி ஃபிராங்க்ளினும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 1995 முதல் 2002 வரை ஓபியாய்டால் தற்செயலாக இறந்த 32 இழப்பீட்டு நோயாளிகளை அடையாளம் கண்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத முதுகுச் சுளுக்கு போன்ற காயங்களோடு அமைப்புக்குள் வந்தவர்கள், அமைப்பு கொடுத்த மருந்தால் உயிரிழந்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் சாரம்.

செலவுக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்ந்தது. பார்பரா வெப்ஸ்டரும் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகுக் காயத்தின் தொடக்கத்திலேயே அதிக ஓபியாய்டு பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 69 நாள் கூடுதலாக வேலைக்குத் திரும்பாமல் இருந்தார்கள். மறு ஆண்டு வாஷிங்டனின் ஆய்வு, முதல் ஆறு வாரங்களில் ஏழு நாளுக்கு மேல் ஓபியாய்டு எடுத்தவர்கள் ஓராண்டுக்குப் பின்னும் வேலைக்குப் போக முடியாமல் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டது. காயத்தின் கடுமையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது. அப்படியானால் மாத்திரையின் விலை பில்லில் தெரியும் தொகை மட்டும் இல்லை. இழந்த ஊதியம், மலச்சிக்கலுக்கும் தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் எழுதப்படும் அடுத்தடுத்த மாத்திரைகள், உடைந்த குடும்பம் எல்லாம் அதில் சேரும். ஓபியாய்டு மலிவான ஜெனரிக்காகவே வந்திருந்தாலும் அது உயர்விலை மருந்துதான்.

2007-இல் வாஷிங்டனின் அரசு மருத்துவ இயக்குநர்கள், நாளொன்றுக்கு 120 மி.கி. மார்ஃபின் அளவைத் தாண்டுமுன் வலி நிபுணரைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற வழிகாட்டுதலைக் கொண்டுவந்தார்கள். அங்கே இழப்பீட்டு நோயாளிகளின் சராசரி அளவும் இறப்புகளும் பிற்பாடு குறைந்தன. நாடு தழுவிய வழிகாட்டுதலை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. 2016-இல்தான் வெளியிட்டது.

பட்டியல் வந்த பிறகு

எழுதப்படும் மருந்துகளைச் சான்றுகளின் அடிப்படையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைத் தடையில்லாமலும் மறுபகுதியை முன் அனுமதியோடும் கொடுப்பதுதான் மருந்துப் பட்டியல் முறை. 2005-இல் சட்டம் இயற்றிய டெக்சாஸ், 2011 செப்டம்பர் 1 முதல் புதிய காயங்களுக்கு இதை நடைமுறைப்படுத்தியது. பட்டியலில் ‘என்’ குறியிட்ட மருந்தை எழுதினால் முன் அனுமதி வேண்டும். மற்றவை நேரே கிடைக்கும். ‘என்’ மருந்துகள் வெகுவாகக் குறைந்தன. தடையைக் கண்டதும் பல மருத்துவர்கள் அனுமதி கேட்கவே முனையவில்லை. எளிதில் கிடைக்கும் மருந்துக்கு மாறினார்கள். முன்பு எழுதப்பட்டதில் எவ்வளவு பழக்கத்தால் எழுதப்பட்டது என்பதை இது காட்டியது.

டெக்சாஸ் செய்த இன்னொன்று அதிகம் பேசப்படவில்லை, ஆனால் அதுதான் மேலானது. பழைய காயக்காரர்களுக்கு அந்த மாநிலம் இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. அவர்களுக்கு விதி 2013 செப்டம்பர் 1-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் காப்பீட்டு நிறுவனங்கள் அந்த நோயாளிகளை அடையாளம் கண்டு, அவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் தெரிவித்து, மருந்தைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆண்டுக்கணக்கில் ஒரு மருந்தில் இருக்கும் உடலை ஒரு தேதியில் நிறுத்த முடியாது என்ற மருத்துவ உண்மைக்கு ஒரு நிர்வாக விதி மதிப்புக் கொடுத்தது.

அதே 2011-இல் ஒஹையோவும் பட்டியலைக் கொண்டுவந்தது. அப்போது 8,000-க்கும் மேற்பட்ட இழப்பீட்டு நோயாளிகள் ஓபியாய்டுக்கு அடிமைப்பட்ட நிலையில் இருந்ததாக நிதியம் கணக்கிட்டது. 2017 முடிவில் அது 3,300 அளவுக்கு இறங்கியது. கலிஃபோர்னியா 2018 ஜனவரியிலும் நியூயார்க் 2019 டிசம்பரிலும் பட்டியலுக்கு வந்தன. கலிஃபோர்னியா விதியில் முதல் நாள் வலிக்கும் இடமிருக்கிறது: காயம்பட்ட ஏழு நாளுக்குள் நடக்கும் முதல் சந்திப்பில், வழக்கமாக அனுமதி வேண்டிய சில மருந்துகளையும் நான்கு நாளுக்கு உடனே கொடுக்கலாம்.

எதிர்ப்பும் உண்டு. பென்சில்வேனியா சட்டமன்றம் நிறைவேற்றிய பட்டியல் மசோதாவை ஆளுநர் டாம் உல்ஃப் 2018-இல் நிராகரித்தார். ஓபியாய்டு நெருக்கடியின் பெயரால் காயம்பட்டவர்களின் எல்லாச் சிகிச்சையையும் வெட்டுகிறார்கள் என்ற தொழிற்சங்கங்களின் அச்சத்தைக் காப்பீட்டுத் தரப்பு எளிதாக ஒதுக்கித் தள்ளுகிறது. அந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது.

மறுப்புக்கும் விலை உண்டு

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கைப் பார்ப்போம். 2008-இல் வேலையில் ஒருவருக்கு முதுகில் அடிபட்டது. வலி நாள்பட்டதாகி, பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்தன. 2011-இல் அவருக்கு க்ளோனோபின் எழுதப்பட்டது. திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்து அது. 2013-இல் காப்பீட்டுத் தரப்பின் மறுஆய்வு மருத்துவர், நோயாளியைப் பாராமல் கோப்பைப் பார்த்து, இந்த மருந்து மருத்துவத் தேவையில்லை என்று எழுதினார். படிப்படியாகக் குறைக்க ஏற்பாடும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மருந்து நின்றது. அவருக்கு நான்கு முறை வலிப்பு வந்தது. அந்த மறுஆய்வு மருத்துவர் மீது தொடுத்த வழக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை: வேலைக் காயத்தின் சிகிச்சையோடு பிணைந்த பாதிப்பு இது, இழப்பீட்டு அமைப்புக்குள்தான் பரிகாரம் தேட வேண்டும் என்றது. தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதிகளில் சிலரே, மறுஆய்வு முறை சட்டமன்றம் நினைத்தபடி இயங்குகிறதா என்று கவலையோடு தனியே எழுதினார்கள்.

இந்த வழக்கில் அந்த மருந்து வேண்டாம் என்ற கருத்து தவறாக இல்லாமலும் இருக்கலாம். இத்தகைய மருந்துகளை நீண்டகாலம் கொடுப்பதைப் பல வழிகாட்டுதல்கள் ஆதரிப்பதில்லை. குற்றம் முடிவில் இல்லை. முடிவெடுத்தவர் அதன் பின்விளைவைத் தம் பொறுப்பாகக் கருதாததில் இருந்தது.

2015 டிசம்பர் 2 அன்று சான் பெர்னார்டினோவில் கவுண்டி ஊழியர்களின் கூட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். காயத்தோடு தப்பியவர்கள் இழப்பீட்டு அமைப்பின் கீழ் வந்தார்கள். மறு ஆண்டே அவர்களில் பலர், இயன்முறை சிகிச்சையும் மன அழுத்த மருந்துகளும் மறுக்கப்படுகின்றன, தாமதமாகின்றன என்று பொதுவெளியில் முறையிட்டார்கள். அதன் விளைவாக 2017-இல் இத்தகைய தாக்குதலில் காயப்பட்டவர்களுக்குத் தனிச் செவிலியர் ஒருங்கிணைப்பாளரைக் கொடுக்கும் சட்டம் வந்தது. நாடே அறிந்த நிகழ்வில் காயம்பட்டவர்களுக்கே அப்படியென்றால், ஏதோ ஒரு கிட்டங்கியில் பெட்டி தூக்கிச் சுளுக்கிக்கொண்டவருக்கு எப்படி இருந்திருக்கும்? கலிஃபோர்னியாவில் 2013 முதல் மறுப்புகளைச் சுதந்திர மருத்துவர்கள் மீண்டும் பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது அளவில் மறுப்பே உறுதியாகிறது. தேவையற்ற மருந்து இன்னும் நிறைய எழுதப்படுகிறது என்று காப்பீட்டுத் தரப்பு இதைப் படிக்கிறது. மேல்முறையீடு வெறும் சடங்கு என்று தொழிலாளர் தரப்பு படிக்கிறது. நோயாளியை நேரில் பார்த்த மருத்துவரின் குரல் இரண்டு கட்டத்திலும் காகிதமாகவே போய்ச் சேரும்வரை இரண்டு தரப்பும் ஒன்றையொன்று நம்பப் போவதில்லை.

விலை கொடுக்க வேண்டிய மருந்துகள்

2013 டிசம்பரில் ஹெபடைட்டிஸ் சி மருந்தான சோவால்டி அனுமதி பெற்றபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். பன்னிரண்டு வாரச் சிகிச்சை 84,000 டாலர். ஊசி குத்திய செவிலியர், குருதியில் கைபட்ட தீயணைப்பு வீரர் ஆகியோரின் கோப்புகளில் இந்தத் தொகை வந்தபோது க்ளெய்ம்களைக் கையாளும் அட்ஜஸ்டர்கள் திகைத்தார்கள். ஆனால் பழைய இன்டர்ஃபெரான் ஊசி ஏறக்குறைய ஓராண்டு உடலை வாட்டி, பலரைக் குணமாக்காமலே விட்டது. புதிய மருந்துகளோ ஈரலைக் காத்து பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோயை ஒழித்தன. ஈரல் மாற்று அறுவைக்கும் வாழ்நாள் ஊனத்துக்கும் ஆகும் செலவை எதிரே வைத்தால் 84,000 டாலர் கொடுக்கத் தகுந்த விலை. விலைப் பட்டியலின் மேல்வரிசையில் இருப்பதாலேயே ஒரு மருந்தைச் சந்தேகிக்கும் பழக்கம் இங்கே தோற்கிறது.

எச்.ஐ.வி. தொற்றுக்கு வாய்ப்பான ஊசிக்குத்தில் அவகாசம் இன்னும் குறைவு. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். வெள்ளி மாலை ஊசி குத்திய ஆய்வக உதவியாளரின் அனுமதிப் படிவம் திங்கள் காலைவரை யார் மேசையிலாவது கிடந்தால் அந்த 72 மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். இத்தகைய மருந்துகளுக்கு முன் அனுமதி என்ற சொல்லே பொருந்தாது.

ஆயுள்காலக் கணக்கு வேறு வகையில் சிக்கலானது. முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் உரிமையுள்ள தொழிலாளி தன் க்ளெய்மை மொத்தத் தொகைக்கு முடித்துக்கொள்ள விரும்பினால், காயத்துக்கான வருங்காலச் சிகிச்சைக்கென ஒரு பகுதியை ஒதுக்கிவைக்க வேண்டும். மெடிகேரின் பரிசீலனையில் இன்றைய மருந்துச்சீட்டு ஆயுள் முழுதும் தொடரும் என்றே கணக்கிடப்படுகிறது. மாதம் 800 டாலர் மதிப்புள்ள ஒரு பிராண்ட் மருந்து கோப்பில் இருக்கிறது, நோயாளிக்கு இன்னும் 25 ஆண்டு ஆயுள் மதிப்பிடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 2,40,000 டாலர். அதே மூலமருந்தின் ஜெனரிக் 20 டாலர் என்றால் 6,000. நரம்பு வலிக்கான லிரிகாவுக்கு 2019 ஜூலையில் ஜெனரிக் வந்தபோது இப்படி முடங்கிக் கிடந்த கோப்புகளைத் திறக்க வழி பிறந்தது. இந்த இடத்தில் தேவைப்படுவது வெட்டுவது இல்லை. மருந்தாளர் ஒருவர் மருத்துவரை அழைத்து, இதில் எவற்றை நோயாளி இன்னும் உண்மையில் எடுக்கிறார், எதை ஜெனரிக்குக்கு மாற்றலாம் என்று அரைமணி நேரம் பேசுவதுதான். நின்றுபோன மருந்துகள் பழைய சீட்டில் தொடர்வதாலேயே பெரிய தொகைகள் உருவாகின்றன.

சேர்த்துப் பார்த்தால்

இத்தனை மாநிலங்களின் அனுபவத்திலிருந்து சில முடிவுகளை உறுதியாகச் சொல்லலாம். விலையை மூலப்பொருளோடு கட்ட வேண்டும். அளவும் பொட்டலமும் பெயரும் மாறினாலும் அதே மூலப்பொருளின் மிகக் குறைந்த வழக்கமான விலைதான் என்றால், 7.5 மி.கி. போன்ற தந்திரங்களுக்கு இடமில்லை. கிளினிக்கில் மருந்து கொடுப்பதை முதல் சில நாளுக்கு அனுமதித்து, அதோடு நிறுத்த வேண்டும். மருந்துப் பட்டியல் வேண்டும். ஆனால் ஓபியாய்டை மறுக்கும் பட்டியல், இயன்முறை சிகிச்சையையும் வலியோடு வாழப் பழக்கும் உளவியல் சிகிச்சையையும் தாமதமின்றிக் கொடுக்கக் கடமைப்பட்டது. வாஷிங்டன் 2002-இல் ரென்டனில் தொடங்கிய தொழில்சார் நல மையங்கள் இதற்கு வழிகாட்டி. விபத்து அறிக்கையை உடனே அனுப்பும், முதலாளியை அழைத்து இலகுவான வேலைக்குப் பேசும் மருத்துவருக்கு அங்கே தனிக் கட்டணம் கிடைத்தது. வேலையிழந்த நாள்கள் குறைந்தன. வேலைக்குத் திரும்பும் வழி தெரிந்தவருக்கு மாத்திரையின் தேவையும் குறையும்.

அடுத்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நீண்டகாலம் எடுத்த மருந்தை மறுக்கும் எந்த உத்தரவும், அதைக் குறைத்து நிறுத்தும் திட்டத்தோடு வந்தாலொழியச் செல்லக் கூடாது. அந்தத் திட்டத்தை எழுதி, அதற்குப் பணம் கட்டி, அது முடியும்வரை பழைய மருந்துக்கும் பொறுப்பேற்பது மறுப்பவரின் கடமையாக வேண்டும். டெக்சாஸ் பழைய காயக்காரர்களுக்கு ஒருமுறை கொடுத்த அவகாசத்தை எல்லா மாநிலங்களும் ஒவ்வொரு நோயாளிக்கும் நிரந்தர உரிமையாக்க வேண்டும். மறுஆய்வு மருத்துவர் கையெழுத்திடுமுன் சிகிச்சை மருத்துவரோடு பேசியே தீர வேண்டும் என்ற விதியும் அதோடு வர வேண்டும். இதனால் செலவு கூடும் என்பார்கள். நான்கு வலிப்புகளுக்கும் அதன் பின்னான மருத்துவமனை நாள்களுக்கும் ஒரு செலவு உண்டு; அது வேறொரு தலைப்பின் கீழ் எழுதப்படுவதால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

1911-இல் தொழிலாளி வழக்குரிமையைக் கொடுத்து வாங்கியது சிகிச்சையை. அது மலிவாக இருக்க வேண்டும் என்றோ, விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்றோ ஒப்பந்தத்தில் இல்லை. குணமாக்குவதாக இருக்க வேண்டும். களிம்புக்கு ஆயிரக்கணக்கில் பில் போடுபவரும், கோப்பைப் புரட்டி ஒரே கையெழுத்தில் மருந்தை நிறுத்துபவரும் அந்த ஒப்பந்தத்தை ஒரே அளவில் மீறுகிறார்கள். மருந்துச் செலவுச் சீர்திருத்தம் இருவரையும் ஒரே சட்டத்தின் முன் நிறுத்தும்போதுதான் காயம்பட்டவரின் நம்பிக்கையைப் பெறும்.